வெள்ளாடு ஒன்று, நிறம் கருப்பு

எருமைக்கு ஏன் எருமை என்று பேர் வந்தது என்று காலை எட்டேகால் மணிக்கு ஒருவர் கேட்டால் உங்களுக்கு என்ன தோன்றுமோ, எனக்குத் தெரியாது. எனக்கு அவரைக் குடைக்காம்பால் ஒரு குத்து குத்தலாம் என்று தோன்றியது. அப்போதுதான் ஜன்னலோரமாக இடம் பிடித்து, இறங்கும்வரை தூங்கிக்கொண்டு போகலாம் என்று கண்ணை மூடியிருந்தேன். கேட்டவர் பஸ் கண்டக்டர். கேட்டதோடு நிற்காமல் பதிலையும் அவரே சொன்னார்.

“எரு குடுக்குது. மை மாரி கருப்பா கீது. எரு, மை, எருமை. இன்னா டீச்சர், சரியா?”

சரி என்றேன். சரி என்று சொன்னால் போய்விடுவார் என்று நினைத்தேன். அது நான் செய்த தப்பு. ஒருமுறை சரி என்று சொன்னவர்களை அவர் அப்புறம் லேசில் விடமாட்டார் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

எழுபதுகளின் கடைசியில் நான்கு வருஷம் நான் ஆரணியிலிருந்து தேவிகாபுரத்துக்குத் தினமும் அந்தத் தனியார் பஸ்ஸில் போய் வந்தேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். தையல் டீச்சர் என்றால் மற்ற டீச்சர்களுக்குப் பாதி டீச்சர். கணக்கு நடத்த நேரம் போதவில்லை என்றால் என் வகுப்பைத்தான் பிடுங்கிக்கொள்வார்கள். இதை ஒருநாள் நான் பக்கத்து சீட்டு அம்மாவிடம் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தபோது கண்டக்டர் காதில் விழுந்துவிட்டது.

“தையல்னா பழைய தமிழ்ல பொம்பளன்னு அர்த்தம், டீச்சர். ஆவ, தையல் டீச்சர்னா பொம்பள டீச்சர், அவ்ளோதான். ஊசிய தூக்கிப் போட்டுட்டு நீங்க எந்தப் பாடம் வேணா நடத்தலாம்” என்றார்.

அதை நான் அப்படியே போய் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஒல்லியான ஆள். காக்கிச் சட்டை அவர் உடம்பில் தொங்கிக்கொண்டிருக்கும், போட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொல்ல முடியாது. வலது காதில் ஒரு பென்சில், கழுத்தில் கருப்புக் கயிற்றில் விசில். கிழிக்கும்போது வீணாய்ப்போன டிக்கெட்டுகளை எறியாமல் வைத்திருந்து, அதன் பின்பக்கத்தில் சொற்களை எழுதிப் பையின் உள்ளறையில் போட்டுக்கொள்வார். ஒருநாள் மீதிச் சில்லறையோடு எனக்கு அப்படி ஒரு சீட்டும் வந்துவிட்டது. அதில், ‘பல்லி. பல் இல்லி?’ என்று எழுதியிருந்தது. மறுநாள் திருப்பிக் கொடுத்தேன். முந்தின நாளெல்லாம் தேடிக்கொண்டிருந்தாராம். பணம் தொலைந்து கிடைத்தவர் மாதிரி சந்தோஷப்பட்டார்.

அவருக்கு மனிதர் பேர், ஊர்ப் பேர் பற்றியெல்லாம் அக்கறை கிடையாது. பிராணிகளின் பேர்தான். நாயா? “நாக்கத் தொங்கப் போட்டுகினே திரியுது. நா, நாய்.” குதிரையா? குதிப்பதால் குதிரை. காக்காய்க்கு மட்டும் யாரும் பேர் வைக்கவில்லை, அது தன் பேரைத் தானே சொல்லிக்கொண்டு வந்தது. மாடு என்றால் பழைய தமிழில் செல்வம் என்பார். இது உண்மைதான் என்று எங்கள் பள்ளித் தமிழாசிரியரே சொன்னார். இப்படிப் பத்தில் ஒன்றிரண்டு சரியாக இருந்துவிடும். ஆபத்தே அதில்தான் இருந்தது. அந்த ஒன்றிரண்டை வைத்து மீதி எட்டையும் எங்கள் தலையில் கட்டிவிடுவார்.

தெரியாது என்ற சொல் மட்டும் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. பஸ்ஸில் தினமும் வரும் தோல் வியாபாரி பாய் ஒருவர், அவரை மடக்குவதையே பொழுதுபோக்காக வைத்திருந்தார்.

“வான்கோழி வானத்துல பறக்கவே மாட்டேங்குதே, அதுக்கு ஏன் கண்டக்டர் அந்தப் பேரு?” என்று ஒருநாள் பாய் கேட்டார்.

கண்டக்டர் பதில் சொல்லாமல் முன்னே போனார். ஒரு ஸ்டாப்பிங் போயிற்று. இரண்டு ஸ்டாப்பிங் போயிற்று. பாய் வெற்றிச் சிரிப்போடு எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது ஸ்டாப்பிங்கில் கண்டக்டர் பின்னால் வந்தார்.

“வானம் இருட்டிகினு வந்தா அண்ணாந்து பாத்துக் கத்தும், பாய். வானத்தப் பாக்கற கோழி. வான்கோழி.”

“நீ வான்கோழிய பாத்துக்கிறியா?”

“அது வேற விசயம்” என்று சொல்லி விசிலை ஊதிவிட்டார். பாய் உட்பட எல்லோரும் சிரித்தோம். பஸ்ஸில் நான் தூங்குவதை விட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தால் எனக்கே தெரியவில்லை.

வெள்ளாட்டுச் சமாசாரம் ஆரம்பித்தது ஒரு உபதேசியாரால். கிராமத்துக் கிறிஸ்தவச் சபைகளுக்குப் போய் வருகிற நல்ல மனுஷர். ஒரு திங்கட்கிழமை காலை வாட்டமாக ஏறினார்.

“கடைசித் தீர்ப்பு நாள்ல செம்மறிக்கு வலப்பக்கம், வெள்ளாட்டுக்கு எடப்பக்கம்னு நேத்து பிரசங்கம் பண்ணேங்க. முன்னாடி ஒக்காந்துகினு இருந்த ஒரு பொண்ணு எழுந்து, அய்யா, எங்க வீட்டு ஆடு கருப்பாச்சே, அது எந்தப் பக்கம்னு கேட்டுடுச்சு. அதும் வெள்ளாடுதாம்மான்னேன். கருப்பா இருக்கறது எப்டி வெள்ளாடு ஆவும்னு கேக்குது. சபையே சிரிச்சிடுச்சு” என்றார்.

அவ்வளவுதான். கண்டக்டருக்கு அன்றைக்கு அரைப் பஸ்ஸுக்கு டிக்கெட் போட மறந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளாடு கருப்புதான். பிறந்ததிலிருந்து பார்க்கிறோம், வெள்ளாடு என்று கூப்பிடுகிறோம், ஒருத்தருக்கும் அது உறைத்ததில்லை. அதற்கப்புறம் இரண்டு மாதம் பஸ்ஸில் வேறு பேச்சே கிடையாது. பள்ளிக்கூட வாத்தியார், தபால்காரர், கிராமக் கணக்குப்பிள்ளை என்று சட்டைப் பையில் பேனா வைத்திருந்த எல்லோரையும் விசாரித்தார். செம்மறிக்கு எதிரான நிறமாக இருக்கட்டும் என்று முன்னோர் வைத்திருக்கலாம் என்றார் தமிழாசிரியர். பாய் தன் தொழிலை ஒட்டி ஒரு கருத்துச் சொன்னார்.

“மேல எந்தக் கலரா இருந்தா இன்னா, உரிச்சுப் பாத்தா எல்லாம் உள்ள வெள்ளதான்” என்றார். அது உபதேசியாருக்குப் பிடித்திருந்தது, பிரசங்கத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசித்தார்.

கடைசியில் கண்டக்டர் தானே ஒரு முடிவுக்கு வந்தார். ஆதியில் ஆடு எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்ததாம். வெயிலில் மேய்ந்து மேய்ந்து கருத்துவிட்டதாம். பேர் மட்டும் பழைய பேராகவே நின்றுவிட்டது. “வெள்ளை ஆடுதான் பேசிப் பேசித் தேஞ்சு வெள்ளாடு ஆயிடுச்சு. பேசறப்ப எப்டி வேணா பேசிக்கலாம். எழுதறப்ப முழுசா, வெள்ளை ஆடுன்னு எழுதணும். அதான் சுத்தம்” என்றார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இதைக் கேட்டுத் தலையாட்டியவர்களில் ஒருவர், ஊர் பவுண்டுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருந்த குமாஸ்தா. தெருவில் அலையும் ஆடுமாடுகளைப் பிடித்து அடைக்கிற இடத்தைத்தான் நாங்கள் பவுண்டு என்போம். அந்தக் குமாஸ்தா பயந்த சுபாவம். எதையும் சுத்தமாக எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்.

இந்த முடிவைக் கண்டக்டர் ஒரு சாயங்காலம், ஆரணிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஓட்டுக்கு விட்டார். ஒத்துக்கொள்கிறவர்கள் கையைத் தூக்க வேண்டும். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் நானும் தூக்கினேன். அன்று பின்படிக்கட்டுப் பக்கத்தில் தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயசிருக்கும். நாற்று நடவும் களை பிடுங்கவும் கூலிக்குப் போகிறவள், எப்போதாவது புல்கட்டோடு ஏறுவாள். அன்று அவள் மடிமேல் தலையை வைத்துக்கொண்டு ஒரு சினை ஆடு நின்றிருந்தது. காதிலிருந்து குளம்புவரை கன்னங்கரேல் என்று கருப்பு. களம்பூர் ரைஸ் மில்லில் அவளுக்கு ஒரு வார வேலை கிடைத்திருந்தது. அதுவரை ஆட்டை ஆரணியில் இருக்கும் அக்காவிடம் விடப் போவதாகப் பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஆட்டுக்குப் பேரு இன்னா வச்சிகிற?” என்றார் கண்டக்டர்.

“வெள்ளச்சிங்க.”

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பஸ்ஸின் நடுவில் வந்து நின்றுகொண்டு, “கேட்டீங்களா? கரி மாரி கீற ஆட்டுக்கு வெள்ளச்சி. ஏன்? ஆதியில வெள்ளையா இருந்த ஞாபகம் சனங்க மனசுல கீது. இதவிட இன்னா சாட்சி ஓணும்?” என்றார்.

“அதுக்கு இல்லீங்க, அது வந்து” என்று அவள் ஆரம்பித்தாள். யாரோ இறங்க வேண்டும் என்றார்கள். கண்டக்டர் விசில் ஊதினார். அவள் சொல்ல வந்தது விசிலோடு போயிற்று. ஆட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டு, காதிலிருந்து பென்சிலை எடுத்து, ‘வெள்ளை ஆடு 1’ என்று அழகாக எழுதிக் கொடுத்தார். அவள் அதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. நாங்கள் பட்டுத் தறி வீட்டுக்காரர்கள். விடிந்ததும் தெருவில் பாவு நீட்டிக் கட்டி, இழைகளுக்குக் கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். ஒரு சேலைக்கு நீளவாக்கில் ஓடும் அத்தனை இழையும் அந்த நேரத்தில் தெருவில் விரிந்து கிடக்கும். குழந்தைகளைக்கூட அந்தப் பக்கம் விடமாட்டார்கள். அன்று என் அண்ணன் பாவு. கஞ்சி வாசனையைப் பிடித்துக்கொண்டு எங்கிருந்தோ ஒரு ஆடு வந்தது. நக்கிப் பார்த்தது, பிடித்திருந்தது போலும், வாயில் கவ்வி இழுத்தது. விரட்டியபோது பாவுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்தது. இழைகள் படபடவென்று அறுந்தன. அண்ணன் கோபத்தில் ஆட்டைப் பிடித்துக் கயிற்றில் கட்டிப் பவுண்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் சடை பின்னிக்கொண்டே வாசலில் நின்று பார்த்தேன். முதல் நாள் பஸ்ஸில் வந்த ஆடுதான் அது என்று எனக்குத் தோன்றவே இல்லை. கருப்பு ஆடு எல்லாம் எனக்கு ஒரே ஆடுதான்.

ஒரு வாரம் கழித்து, காலை எட்டு மணி பஸ் ஸ்டாண்டில், அந்தப் பெண் பஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்றாள். களம்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். ஆடு அக்கா வீட்டுக் கயிற்றை அறுத்துக்கொண்டு போனதும், பவுண்டில் இருப்பதும் முந்தின நாள்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“கண்டைட்டரே, நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாத்தான் குடுப்பாங்களாம். ஒம்பது மணிக்கு ஏலம். கசாப்புக்காரரு இப்பவே வந்து ஆட்ட தொட்டுத் தொட்டுப் பாத்துகினு கீறாரு. இன்னிக்கோ நாளைக்கோ குட்டி போட்டுடுங்க அது. எனக்கு அது ஒண்ணுதாங்க கீது” என்றாள். அவள் அழவில்லை. மூச்சு மட்டும் வாங்கியது.

“ஒன் ஆடுதான, குடுக்கறதுக்கு இன்னா?”

“கருப்பு ஆடு புஸ்தகத்துல இல்லியாங்க.”

கண்டக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். டிரைவர் பேசவே பேசாத மனிதர், பேச்சுக்குப் பதில் ஹாரன்தான். அன்று ஹாரனும் அடிக்கவில்லை. பஸ் கிளம்பி, எங்கள் ரூட்டிலேயே இல்லாத பவுண்டு வாசலில் போய் நின்றது. ஒன்றிரண்டு பேர், “இன்னா பேஜாரா போச்சு, கோர்ட்டுக்கு நேரமாவுது” என்று கத்தினார்கள். கத்தியவர்கள்தான் முதலில் இறங்கி வேடிக்கை பார்க்கப் போனார்கள். பாய் போனார், உபதேசியார் போனார், நானும் போனேன்.

பட்டிக்குள் அந்த ஆடு நின்றிருந்தது. வயிறு இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. அவளைப் பார்த்ததும் கத்தியது. கசாப்புக்கடைக்காரர் ஓரமாக பீடி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் என் அண்ணன் இழுத்துக்கொண்டு போன ஆடு இதுதான் என்று உறைத்தது.  ஏலத்துக்காக முனிசிபாலிட்டி மேனேஜரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குமாஸ்தா இரண்டு கையாலும் ரிஜிஸ்டரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“சார், ரிஜிஸ்டர்ல ‘வெள்ளை ஆடு ஒன்று’ன்னு கீது. இந்தம்மா லக்கேஜ் டிக்கெட்டுலயும் ‘வெள்ளை ஆடு ஒன்று’ன்னு கீது. காயிதத்துல எல்லாம் சரியா கீது சார். ஆடுதான் தப்பா கீது” என்றார்.

யாரோ சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்கவில்லை. “வெள்ளை ஆட்டுக்கு இவங்ககிட்ட கையெழுத்து வாங்கிகினு கருப்பு ஆட்ட ஓட்டி விட்டேன்னா, நாளைக்கு ஆடிட்டுல வெள்ளை ஆடு எங்கடான்னு கேப்பாங்க. நான் எங்க போறது சார்?” என்றார். 

“கருப்பு ஆட்டைப் பிடிச்சு வச்சிகினு ஏன்யா வெள்ளைன்னு எழுதின?” என்றார் மேனேஜர்.

“கொண்டாந்தவரு வெள்ளாடுன்னுதான் சார் சொன்னாரு. எழுதறப்ப வெள்ளை ஆடுன்னு முழுசா எழுதணும், அதான் சுத்தம்னு இவருதான் சொன்னாரு” என்று குமாஸ்தா கண்டக்டரைக் காட்டினார்.

ஒரு பஸ் ஜனம் முழுக்க கண்டக்டரைப் பார்த்தது. மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

“ஆட்டுக்குப் பேரு வச்சிகிறியாம்மா?”

“வெள்ளச்சிங்க.”

“அதான் சார்” என்று கண்டக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். அவரால் வாயை அடக்க முடியவில்லை. வந்த காரியமே மறந்துபோய், “நான் சொன்னதுக்கு அதான் சாட்சி. ஆதியில ஆடு எல்லாம்” என்று ஆரம்பித்தார். குமாஸ்தாவும், “கேட்டீங்களா சார், பேருகூட வெள்ளை” என்றார். கசாப்புக்கடைக்காரர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

அப்போது அவள் கண்டக்டர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

“வாத்தியாரக் கேட்டீங்க, பாயக் கேட்டீங்க, கோயில் அய்யாவக் கேட்டீங்க. ஆடு வச்சிகிறவ நானு. என்னிய ஒரு வார்த்த கேட்டீங்களா? சொல்ல வந்தேன், பீப்பீன்னு ஊதிட்டீங்க. அது வெள்ளிக்கெழம பொறந்திச்சுங்க. வெள்ளிக்கெழம பொறந்ததால வெள்ளச்சி. வெள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

 எனக்கு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அன்றைக்குக் கையைத் தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. அவளைக் கேட்கலாமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், நாங்கள் சீட்டில் உட்கார்ந்திருந்தோம், அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

“இன்னாய்யா, வெள்ளாடுன்னா வெள்ளை ஆடா, இல்லியா? நீ சொல்றத வச்சுத்தான் நான் இதத் திருத்தணும்” என்றார் மேனேஜர்.

கண்டக்டர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். அதைப் பார்த்தார். திரும்பவும் காதிலேயே வைத்துக்கொண்டார்.

“இல்லீங்க சார். நான் சொன்னது தப்பு.”

“அப்ப இன்னா அர்த்தம்?”

“தெரியாதுங்க.”

பாய் என் பக்கத்தில் நின்றிருந்தார். இத்தனை மாதம் அந்த ஒரு சொல்லை வரவழைக்கப் பாடுபட்டவர். அது வந்தபோது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, தலையைக் குனிந்துகொண்டார்.

மேனேஜர் ரிஜிஸ்டரை இழுத்து, எழுதியிருந்ததை ஒரு கோட்டால் அடித்தார். “எழுதுய்யா. வெள்ளாடு ஒன்று, நிறம் கருப்பு” என்று சொல்லி, பக்கத்தில் இனிஷியல் போட்டார். குமாஸ்தா எழுதினார். நல்ல கையெழுத்து. ஏல நோட்டீசைக் கிழித்தார்கள். கசாப்புக்கடைக்காரர், “நல்லா இரும்மா” என்று அவளிடம் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

ஆட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவளிடம், பாவு எங்கள் வீட்டுப் பாவு, கொண்டுவந்து அடைத்தது என் அண்ணன் என்று சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“நெறய அறுந்து போச்சாம்மா?” என்று கேட்டாள்.

“அண்ணி முடி போட்டுட்டாங்க” என்றேன். உண்மையில் அண்ணி இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு இழையாக முடி போட்டிருந்தார்.

அன்று பஸ் முக்கால் மணி லேட். ஹெட்மிஸ்ட்ரஸிடம் காரணம் சொன்னேன். அப்போதும் அவர் சிரிக்கவில்லை, எனக்கு அரைநாள் லீவு போட்டார்.

மறுநாளிலிருந்து கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை. டிக்கெட் கொடுத்தார், சில்லறை கொடுத்தார், விசில் ஊதினார். பென்சில் காதில் இருந்தது, அதற்கு வேலை இல்லை. இரண்டு வருஷமாய் நான் வேண்டிக்கொண்ட அமைதி அது. நன்றாகத் தூங்கியிருக்கலாம். தூக்கம் வரவில்லை. ஜன்னல் வழியாக எருமைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். நாலாம் நாள் பொறுக்க முடியாமல் நானே கேட்டுவிட்டேன்.

“கண்டக்டர், கழுதைக்கு ஏன் கழுதைன்னு பேரு?”

“தெரியாது டீச்சர்” என்றார் மரியாதையாக.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மனுஷன் தப்பாய்ப் பேசிக்கொண்டே இருந்தால் எரிச்சலாக இருக்கிறது, நிறுத்திவிட்டால் இப்படி இருக்கிறது. பாய்கூட ஒருநாள், “வௌவால்னா இன்னா, வாலுனா இன்னா” என்று தூண்டில் போட்டுப் பார்த்தார். கண்டக்டர் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

ஒரு மாதம் இருக்கும். சாயங்காலம் திரும்பும்போது வழியில் அவள் ஏறினாள். தலையில் புல்கட்டு இல்லை, கையில் கயிறு இல்லை. இடுப்பில் ஒரு ஆட்டுக்குட்டி. அதுவும் அம்மாவைப் போலவே ஒரு வெள்ளை மயிர் இல்லாத சுத்தக் கருப்பு. அக்கா பிள்ளைகளுக்குக் காட்டக் கொண்டுபோகிறாளாம். வழக்கம்போலப் பின்படிக்கட்டுப் பக்கம் தரையில் உட்காரப் போனாள். உபதேசியார் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு உட்கார்ந்தாள்.

கண்டக்டர் வந்தார். குட்டிக்கு டிக்கெட் வேண்டாம் என்றார். அவளுக்கு மட்டும் கிழித்துக் கொடுத்தார். போவார் என்று நினைத்தோம், போகவில்லை. அங்கேயே நின்றார்.

“பேரு வச்சிட்டியா?”

“வச்சிட்டேங்க. செவத்தா.”

 கன்னங்கரேல் என்று ஒரு குட்டி, அதற்கு சிவத்தாள் என்று பேர். பாய் முன் சீட்டிலிருந்து முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு பார்த்தார். கண்டக்டர் கண்ணில் பழைய பளபளப்பு வந்தது. “செவ்வாய்க்கெழம...” என்று வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். பிறகு, ஓடுகிற பஸ்ஸில், காக்கிப் பேண்டோடு, அவள் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார்.

“ஏன் செவத்தா? நீயே சொல்லு.”

அவள் சொல்ல ஆரம்பிக்கும்போது ஸ்டாப்பிங் வந்துவிட்டது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், ஏறுகிறவர்கள் ஏறினார்கள். டிரைவர் விசிலுக்காகக் காத்திருந்தார். பிறகு ஒருமுறை ஹாரன் அடித்தார். இன்னொருமுறை அடித்தார். கண்டக்டர் விசிலை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

“பொறந்தது பொதங்கெழமைங்க” என்றாள் அவள். “எங்க மாமியாரு பேரு செவத்தா. இது கீழ விழுந்து எழுந்திரிச்சு நின்னதும் மொத வேலையா என்னிய ஒரு ஒத ஒதச்சுது பாருங்க, அப்பவே தெரிஞ்சு போச்சு.”

பஸ்ஸே சிரித்தது. டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் கண்டக்டர்தான். சிரித்துக்கொண்டே காதிலிருந்து பென்சிலை எடுத்தார். பையிலிருந்து ஒரு வீணாய்ப்போன டிக்கெட்டைத் தேடி, முழங்கால்மேல் வைத்து எழுதினார்.

“வேற ஒண்ணும் இல்லியே? சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லிட்டியா?” என்று அவளைக் கேட்டார்.

“சொல்லிட்டேங்க” என்றாள்.

அதற்கப்புறம்தான் விசில் ஊதினார்.